கவுந்தா என்னங்க பண்றது?

எங்கள் பக்கத்துத் தோட்டத்து அக்காவிடம் புதிதாக எதைக் காட்டினாலும் ஒரே கேள்விதான் வரும். வண்டி, கிரைண்டர், மாப்பிள்ளை, மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி, எதுவானாலும் சரி. சுற்றி வந்து பார்ப்பார். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகுவார். "நல்லாத்தான் இருக்குதுங்க" என்பார். நாம் சந்தோஷப்பட வாயைத் திறப்பதற்குள், "கவுந்தா என்னங்க பண்றது?" என்று கேட்டுவிடுவார்.

ஊரில் அவருக்குக் 'கவுந்தாக்கா' என்றே பேர் விழுந்துவிட்டது, முதுகுக்குப் பின்னால்தான். நிஜப் பேரை நானும் இங்கே சொல்லப் போவதில்லை. இப்போது அவர் குமாரபாளையத்தில் மகள் வீட்டில் இருக்கிறார். யாராவது இதைப் படித்துக் காட்டினால் போன் போட்டு என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார்.

நான் சங்ககிரிப் பக்கத்து லாரிக்காரன். பொறுமைக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். அதனால் அந்த அக்காவோடு எனக்கு முதல் லாரி எடுத்த அன்றைக்கே முட்டிக்கொண்டது. வண்டிக்கு மாலை போட்டு, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் காட்டி முடித்தாகிவிட்டது. சொந்தபந்தமெல்லாம் சுற்றி நின்று நல்லா ஓடோணும், நல்லா வரோணும் என்று வாழ்த்திக்கொண்டிருந்தார்கள். பூசணிக்காயைத் தூக்கிக்கொண்டு நான் உடைக்கப் போகிறேன், கூட்டத்துக்குள்ளிருந்து குரல் வருகிறது.

"ஏனுங் தம்பி, இவ்வளவு ஒசரமா இருக்குதே, கவுந்தா?"

பூசணிக்காயை அவர் காலடியிலேயே போட்டுவிடலாமா என்று இருந்தது. என் அம்மா தூ தூ என்று தரையில் துப்பி, "ஏம்மா, உன்ற வாயில ஒரு நல்ல வார்த்தையே வராதா?" என்று கத்தினாள்.

"நல்ல வார்த்தை சொல்றதுக்குத்தான் இத்தன பேரு வந்திருக்கீங்களே" என்றார் அக்கா. கொஞ்சமும் கோபமில்லாமல் சொன்னார். பிரசாதத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "போயிட்டு வாரேனுங்க" என்று கிளம்பிவிட்டார்.

இப்படி ஒருத்தர் இருந்தால் ஊர் சும்மா விடுமா? அவர் வாழ்க்கையில் ஏதோ பெரிதாகக் கவிழ்ந்திருக்க வேண்டும் என்று ஆளாளுக்கு ஒரு கதை கட்டினார்கள். சின்ன வயதில் மாட்டு வண்டி கவிழ்ந்து அண்ணன் போய்விட்டானாம். பரிசலில் போகும்போது காவிரியில் விழுந்தாராம். நான் ஒரு நாள் நேராகவே கேட்டுவிட்டேன். அவர் யோசித்தார், பாவம், ரொம்ப நேரம் யோசித்தார்.

"ஒண்ணுமே கவுந்ததில்லீங் தம்பி. என்ற ஊட்ல ஒரு சொம்புத் தண்ணி கவுந்ததில்ல. ஆனா நேரா நிக்கற எதப் பாத்தாலும் எனக்கு அது சாயற மாதிரியே தெரியுது. நான் என்ன பண்ணட்டும்?"

அவருடைய வீட்டுக்காரர் சாதுவான மனிதர். புது மொபட் வாங்கி வந்த அன்று, இந்த அம்மா அதைத் தரையில் படுக்க வைத்துக் காட்டச் சொல்ல, அவரும் சிரித்துக்கொண்டே படுக்க வைத்துக் காட்டினார். பெட்ரோல் ஒழுகுகிறதா என்று குனிந்து பார்த்த பிறகுதான் பின்னால் ஏறி உட்கார்ந்தார் அக்கா.

சில சமயம் அந்தக் கேள்வியே ஆளைக் கவிழ்த்துவிடும். மாரியம்மன் பண்டிகை அன்னதானத்தில் இரண்டு பேர் கொதிக்கக் கொதிக்கச் சாம்பார் அண்டாவைத் தூக்கிக்கொண்டு பந்திக்கு வந்துகொண்டிருந்தார்கள். "பாத்துங்க சாமி, கவுந்தா?" என்று அக்கா பின்னாலிருந்து போட்ட சத்தத்தில் முன்னால் பிடித்தவன் திடுக்கிட்டு நிற்க, பின்னால் பிடித்தவன் அவன்மேல் இடிக்க, அண்டா ஒரு ஆட்டம் ஆடியது. நல்லவேளை, சாம்பார் விளிம்பு தாண்டி அவர்கள் வேட்டியோடு நின்றுகொண்டது. அதற்குப் பிறகு பந்தி நடக்கிற நேரத்தில் அக்காவை வெற்றிலை மடிக்க உட்கார வைத்துவிடுவார்கள்.

அவரை நான் வேறு கண்ணால் பார்த்தது என் தங்கை மகளின் நிச்சயதார்த்தத்தில். மாப்பிள்ளை திருச்செங்கோட்டுப் பையன், சொந்தமாக ரிக் லாரி வைத்து வடக்கே போர்வெல் போடுகிறவன். தட்டு மாற்றப் போகிற நேரம். பெண் வீட்டு வரிசையில் உட்கார்ந்திருந்த அக்கா மாப்பிள்ளையைப் பார்த்து, "எல்லாஞ் சரிங் சாமி. தொழிலு கவுந்தா?" என்றார். என் தங்கை அழுகிற நிலைக்குப் போய்விட்டாள். மாப்பிள்ளையின் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார், எழுந்து போகப் போகிறார் என்றே நினைத்தேன்.

அந்தப் பையன் மட்டும் அசரவில்லை. "கவுந்தா மறுபடி டிரைவரா போவேனுங் அக்கா. ரிக்கு வாங்கறதுக்கு முந்தி அதத்தானுங்க பண்ணிட்டு இருந்தேன்" என்றான்.

அக்கா முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "அப்பத் தட்ட மாத்துங்க" என்றார், ஏதோ அவர்தான் பெண்ணைப் பெற்றவர் மாதிரி. அன்றைக்குத்தான் எனக்குப் பிடிபட்டது. இந்த அம்மா சாபம் விடவில்லை. பதில் வைத்திருக்கிற ஆளைத் தேடிக்கொண்டிருக்கிறார்.

பிடிபட்டு என்ன பிரயோஜனம்? என் விஷயத்தில் என்று வரும்போது எனக்குக் கோபம்தான் முந்திக்கொண்டது.

என் லாரி கடைசி வரைக்கும் கவிழவில்லை. நான்தான் விழுந்தேன். லோடு மேல் ஏறித் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தபோது கயிறு அறுந்து மல்லாக்கக் கீழே வந்தேன். இடது முட்டி போய்விட்டது. பார்க்க வந்த அக்காவிடம், "நீங்க கவுறதப் பத்தித்தானுங்க கேட்டீங்க, உழுகறதப் பத்திக் கேக்கலியே" என்றேன் படுத்த படுக்கையில். சிரித்தார், ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

முட்டி ஒரு வழியாகக் கூடியது. சமதரையில் தாங்கித் தாங்கி நடப்பேன். மேடு ஏற முடியாது. எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு கரடு, பாறையும் முள்ளுமாக ஒரு சின்ன மலை. அதன் மேல் சரிவில்தான் எங்கள் மேக்காடு இருக்கிறது. எங்கள் பேச்சில் காடு என்றால் புலி கரடி உலாவுகிற காடு இல்லை, உழுது விதைக்கிற மேட்டு நிலம். மேக்காட்டில் மரவள்ளி, ஆட்டுப்பட்டி, நானே நின்று வெட்டிய ஒரு கிணறு. விழுந்த நாளிலிருந்து அதை நான் கண்ணால் பார்க்கவில்லை. என் வீட்டுக்காரிதான் ஏறி இறங்கிப் பார்த்துக்கொண்டாள். நான் கீழே பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்து, போகிற வருகிறவர்களிடமெல்லாம் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன். மரவள்ளிக்குத் தண்ணி விட்டாயா என்று நான் கேட்பதும், வந்து பார்த்துக்கொள்ளுங்கள் என்று அவள் சொல்வதும், வீடு நரகமாகிவிட்டது.

நாலு சக்கர பைக் என்று ஒன்று இருப்பதை போனில் ஒரு வீடியோவில் பார்த்தேன். ஏடிவி என்கிறார்கள். பாறை, சேறு, மேடு, பள்ளம் எதிலும் ஏறுமாம். ரோட்டில் ஓட்டக்கூடாது, சொந்த நிலத்துக்குள் ஓட்டிக்கொள்ளலாம். அதிலும் ஒரு சிவப்பு வண்டி, அடேயப்பா! எருமைக் கன்று மாதிரி மொழுமொழுவென்று, முன்னால் மரம் இழுக்கிற சங்கிலியெல்லாம் வைத்து. அன்று முழுக்க அதையே திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன்.

வீட்டுக்காரி ஒத்துக்கொண்டாள், ஆனால் ஒரு கண்டிஷனோடு. "இன்னொருக்கா உழுந்து வந்தீங்கன்னா மேக்காட்ட வித்துப் போடுவேன். கோழிப்பண்ணைக்காரரு கேட்டுட்டுத்தான் இருக்காரு. எனக்குக் காடு வேண்டாம், நீங்க வேணும்" என்றாள். அவள் சொன்னால் செய்கிறவள். வண்டி பார்க்கப் போகிற அன்று காரில் ஏறினால், பின்சீட்டில் அக்கா உட்கார்ந்திருக்கிறார், மடியில் தண்ணீர் பாட்டிலோடு.

"அக்கா எதுக்கு?"

"நீங்க வண்டியப் பாப்பீங்க. அக்கா மத்ததப் பாப்பாங்க" என்றாள் என் வீட்டுக்காரி.

சேலத்தில் அந்தக் கடை, கண்ணாடியும் குளிர்சாதனமுமாகக் கல்யாண மண்டபம் போல இருந்தது. என் சிவப்பு வண்டி நடுவில் விளக்கு வெளிச்சத்தில் நின்றது. டை கட்டிய தம்பி ஒருவர், மெட்ராஸ்காரர், வந்து கைகுலுக்கினார்.

"எங்கே சார் ஓட்டப் போறீங்க?"

"எங்க காட்டுலதானுங்க."

அவர் முகம் மாறியது. "ஃபாரஸ்ட் பர்மிஷன் எல்லாம் வாங்கிட்டீங்களா சார்?"

"எங்க காட்டுக்கு நாங்க எதுக்குங்க பர்மிஷன் வாங்கோணும்? எங்க தாத்தன் காலத்துக் காடு."

தம்பி உள்ளே போய் மேனேஜரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். ஃபாரஸ்டையே சொந்தம் கொண்டாட ஒரு ஆள் வந்திருக்கிறான் என்று நினைத்திருப்பார் போல. மேனேஜர் நம்ம பக்கத்து ஆள். விழுந்து விழுந்து சிரித்து விளக்கிய பிறகு எல்லோருக்கும் காப்பி வந்தது.

சிவப்பு வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். லாரி சீட்டில் உட்கார்ந்த மாதிரி ஒரு கெத்து. கியரை இடது காலால் போட வேண்டும் என்றார் தம்பி. போட்டுப் பார்த்தேன், முட்டியில் சுருக்கென்றது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் என் முகத்தை ஒரு ஆள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

"நல்லாத்தான் இருக்குதுங்க" என்றார் அக்கா.

வரப்போகிறது என்று தெரிந்து கண்ணை மூடிக்கொண்டேன்.

"கவுந்தா என்னங்க பண்றது?"

தம்பி வாயெல்லாம் பல்லாக, "இதெல்லாம் கவுழவே கவுழாது மேடம்!" என்றார்.

அக்கா தலையாட்டினார். காப்பி தம்ளரை மேஜை மேல் வைத்தார். "பாக்கலாங்க" என்று சொல்லி வாசலுக்கு நடந்தார். எங்கள் பக்கத்தில் 'பாக்கலாங்க' என்றால் முடியாது என்று அர்த்தம். தம்பிக்கு அது தெரியவில்லை, எந்தக் கலர் மேடம் என்று பின்னாலேயே ஓடினார்.

காரில் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "ஏனுங்க்கா, கவுழாதுன்னு சொல்றாரே, அப்புறம் என்ன?"

"கவுழாதுங்கறவருக்குக் கவுந்தா என்ன பண்றதுன்னு எப்படித் தெரியும் தம்பி?" என்றார்.

மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டேன்.

அடுத்தது அயோத்தியாப்பட்டணம் தாண்டி ஒரு தகர ஷெட். ஏற்காட்டு ரிசார்ட்டுகளுக்கு இந்த வண்டிகளைக் கொடுக்கிற ஆள். கையெல்லாம் கிரீஸ். அவர் காட்டிய வண்டி எனக்குப் பிடிக்கவே இல்லை. குட்டையாக, அகலமாக, மண் நிறத்தில், ஆமை மாதிரி. கியர் கிடையாது. கட்டை விரலால் அழுத்தினால் போகும், பிரேக் இரண்டும் கையில். இதுவா என் கரட்டில் ஏறும் என்று நான் உதட்டைப் பிதுக்க, அவர் ஷெட்டுக்குப் பின்னால் குவித்திருந்த மண்மேட்டின் உச்சிக்கே ஓட்டிப் போய் நிறுத்திக் காட்டிவிட்டு, ஓட்டிக்கொண்டே இறங்கி வந்தார். அக்கா ஆரம்பித்தார்.

"நல்லாத்தான் இருக்குதுங்க. கவுந்தா?"

"கவுந்துடும்மா" என்றார் அவர். "எல்லா வண்டியும் கவுழும். நானே கவுந்திருக்கேன்." சட்டையைத் தூக்கி விலாவில் இருந்த தழும்பைக் காட்டினார். "கவுந்தா மொதல்ல இன்ஜின் நிக்கணும். அப்புறம் ஆளு வெளிய வரணும். அவ்ளோதாம்மா. காட்டட்டுமா?"

அக்கா அவரைப் பார்த்த பார்வை இருக்கிறதே, நிச்சயதார்த்த மண்டபத்தில் பார்த்த அதே பார்வை.

கடைக்காரர் சுருள் கயிறு ஒன்றை எடுத்தார், சிவப்பு நிறம். ஒரு முனை வண்டியின் சாவிக்குப் பக்கத்தில், மறு முனை மணிக்கட்டில். ஆள் விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொள்ளும், இன்ஜின் அணைந்துவிடும். "காப்புக் கயிறாட்ட இருக்குது" என்றார் அக்கா. அந்த நிமிஷத்திலிருந்து அதற்குப் பேர் காப்பு. பிறகு கடைக்காரர் வண்டியைச் சரிவில் ஏற்றி வேண்டுமென்றே சாய்த்தார். கயிறு பிடுங்கியது, சத்தம் நின்றது, வண்டி பக்கவாட்டில் படுத்தது, ஆள் சாதாரணமாக எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டார்.

எனக்குப் போதும் என்று ஆகிவிட்டது. அக்காவுக்குப் போதவில்லை.

"நீங்க எந்திரிச்சுட்டீங்க. இவுருக்கு ஒரு காலுதானுங்களே? தம்பி, நீங்க படுங்க."

"நானா?"

"படுங் சாமி."

வெள்ளை வேட்டியோடு நான் அந்த ஷெட் மண்ணில் மல்லாக்கப் படுத்தேன். பாரம் முழுக்க மேலே விழாமல் ஒரு பழைய டயரை முட்டுக் கொடுத்து, வண்டியை என் மேல் சாய்த்து வைத்தார்கள். என் வீட்டுக்காரி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிக்கிறாள், தோள் குலுங்குவது தெரிகிறது. நல்ல காலை சீட்டு விளிம்பில் வைத்து, மூச்சைப் பிடித்து உந்து என்றார் கடைக்காரர். முதல் உந்தலில் ஆடியது. "இன்னொருக்கா" என்றார் அக்கா. இன்னொரு முறை உந்தினேன். வண்டி அந்தப் பக்கம் புரண்டு நாலு சக்கரத்தில் நின்றது.

"இத எடுத்துக்கலாங்க" என்றார் அக்கா. வண்டியை ஓட்டிப் பார்க்கக்கூட இல்லை நான்.

அந்த ஆமை என்னைக் காப்பாற்றியது என்று இப்போது சொல்வது சுலபம். முதலில் அது எனக்குக் கொடுத்தது மேக்காட்டை. கரடு ஏறி முதல் நாள் கிணற்று மேட்டில் நிறுத்தி மரவள்ளியைப் பார்த்தபோது கொஞ்சம் அழுதேன், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அக்காவின் நிலம் கீழே வீட்டிலிருந்து மேக்காடு வரைக்கும் எங்கள் வரப்பை ஒட்டியே போகும். காலையில் நான் கிளம்புகிற சத்தம் கேட்டதும் அங்கிருந்தே குரல் வரும். "காப்பு கட்டீட்டீங்களா தம்பி?" சலிப்போடு கையைத் தூக்கிக் காட்டுவேன். ஒரு நாள்கூட விட்டதில்லை அந்த அம்மா. வண்டியில் ஒரு நாள்கூட ஏறியதும் இல்லை. ஏறுங்கள் அக்கா, ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள் என்றால், "கவுந்தா?" என்று எட்டி நின்றுகொள்வார்.

மழை விட்ட ஒரு காலையில் அது நடந்தது. பாதை ஈரமாக இருந்தது. கிணற்றுக்குப் போகிற திருப்பத்தில் மேல்பக்கச் சக்கரம் ஒரு கல்லில் ஏறியது. லாரி ஓட்டின கைக்கு அது தெரிந்துவிட்டது, ஆனால் நேரமில்லை. வானம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மணிக்கட்டில் வெடுக்கென்று ஒரு இழுப்பு. அவ்வளவுதான், சத்தம் நின்றுவிட்டது. மல்லாக்கக் கிடக்கிறேன், வண்டி என் இடுப்பின் மேல் சாய்ந்து கிடக்கிறது, டயர் ஒன்று காற்றில் மெதுவாகச் சுற்றி நிற்கிறது.

அந்த நேரத்தில் சாமி ஞாபகம் வரவில்லை, பிள்ளைகள் ஞாபகம் வரவில்லை. அந்த ஷெட்டின் மண் வாசம்தான் வந்தது. நல்ல காலை இழுத்து சீட்டு விளிம்பில் வைத்தேன். மூச்சைப் பிடித்து உந்தினேன். ஆடியது. இன்னொருக்கா, என்று நானே வாய்விட்டுச் சொன்னேன். உந்தினேன். வண்டி அந்தப் பக்கம் புரண்டு நின்றது. எழுந்து உட்கார்ந்து கை, கால், கழுத்து எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தேன். முழங்கையில் சிராய்ப்பு, சட்டை கிழிசல். வேறொன்றும் இல்லை. பைத்தியம் மாதிரி சிரிப்பு வந்தது. உயிர் இருந்தது, கால் இருந்தது, எதிரே என் மரவள்ளி இருந்தது.

வரப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து அக்கா ஓடி வந்துகொண்டிருந்தார். செருப்பு ஒன்று எங்கேயோ போய்விட்டது. பக்கத்தில் வந்ததும் நின்றுவிட்டார். முகத்தில் ரத்தமே இல்லை. ஆயுசு முழுக்கக் கேட்டுக்கொண்டே இருந்தாரே தவிர, கண்ணால் இதுவரை ஒன்றும் தானாகக் கவிழ்ந்து பார்த்ததில்லை அவர்.

"அக்கா, கவுந்துருச்சுங்க" என்றேன்.

பொத்தென்று என் பக்கத்தில் ஈர மண்ணில் உட்கார்ந்தார். என் கையைத் தடவினார், முட்டியைத் தொட்டுப் பார்த்தார், தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சேறு அப்பி நாலு காலில் நின்றுகொண்டிருந்த வண்டியைப் பார்த்தார். திரும்ப என்னைப் பார்த்தார்.

"இவ்வளவுதானுங்களா தம்பி?"

"இவ்வளவுதானுங்க்கா."

அவர் அழுதார். அழுகையோடு சிரிப்பும் வந்து, எது எது என்று தெரியாமல் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். நான்தான் முதுகைத் தட்டிக் கொடுத்தேன்.

சத்தம் நின்றதைக் கேட்டு என் வீட்டுக்காரியும் மூச்சிரைக்க மேலே ஏறி வந்துவிட்டாள். கிழிந்த சட்டையைப் பார்த்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் கிழிசலைக் கையால் மறைத்துக்கொண்டேன். காடு போச்சு என்றே நினைத்தேன்.

"விக்காத கண்ணு" என்றார் அக்கா, முகத்திலிருந்து முந்தானையை எடுக்காமலே. "கவுந்து பாத்தாச்சு. எந்திரிச்சும் ஆச்சு. இனி என்ன?"

என் வீட்டுக்காரி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "நல்லா இருக்குது கூத்து" என்று சொல்லிவிட்டு, என் முழங்கையைத் தன் சேலை நுனியால் துடைத்தாள். விற்கிற பேச்சை அதற்குப் பிறகு அவள் எடுக்கவே இல்லை.

அக்கா எழுந்தார். மண்ணைத் தட்டினார். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினார். நேராக வண்டியிடம் போய், காலைத் தூக்கிப் போட்டு ஏறி உட்கார்ந்தார். என் மணிக்கட்டில் தொங்கிக்கொண்டிருந்த சிவப்புக் கயிற்றை வாங்கி வண்டியில் செருகி, மறு முனையைத் தன் மணிக்கட்டில் மாட்டி இழுத்துப் பார்த்தார்.

"காப்பு கட்டியாச்சு" என்றார். "எப்படிங் தம்பி இத ஸ்டார்ட் பண்றது?"